சார்ஜ் ஏறும் வரை இரண்டு பேர்

ரோசலின் இறந்த செய்தி எனக்குப் புனேயில், மகன் வீட்டுச் சமையலறையில், வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் குடியிருப்புக் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் பூ, மேலே சிலுவை, நடுவில் ஆதார் அட்டைக்கு எடுத்த அந்தக் கடுகடுத்த முகம், கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. அதற்கு முந்தைய செய்தி, மோட்டார் ரிப்பேர், தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள் என்பது. அடுத்தாற்போல் வரிசையாகக் கும்பிட்ட கைகள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மருமகள் ஓடி வந்து அணைத்துவிட்டு, "யாரு அத்தே?" என்றாள். "பக்கத்து பிளாக்" என்றேன். வேறு என்ன சொல்வது? நாங்கள் உறவும் இல்லை, ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்களும் இல்லை.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறாளே! காலையில் நெஞ்சுவலி, மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரம்பூரிலிருந்து அவள் தம்பி வந்து மறுநாளே அடக்கம் செய்துவிட்டார். நான் திருமுல்லைவாயிலுக்குத் திரும்பியபோது அவள் கதவில் பூட்டுத் தொங்கியது. கீழ்வீட்டில் அவள் தம்பி எனக்காக ஒரு கோணிப்பையை விட்டுப் போயிருந்தார். உள்ளே அவளுடைய மெட்டல் டிடெக்டர், பேட்டரி, சார்ஜர், ஒரு மண்சட்டி. "இத்த வசந்தாகிட்டதான் குடுக்கணும்னு எங்கக்கா எப்பவோ சொல்லிகினு இருந்துச்சு" என்றாராம். பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோதுதான் அழுதேன்.

இதைப் படிக்கிற அக்கம்பக்கத்துக்காரர்களான உங்களில் பலருக்கு அவளை 'மெஷின் அம்மா'வாகத்தான் தெரியும். தலையில் தொப்பி, புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ, காதில் ஹெட்போன், கையில் தட்டு வைத்த நீளக் கம்பி. காலி மனையிலோ மைதானத்திலோ நீங்கள் தொலைத்த கொலுசையும் வண்டிச் சாவியையும் மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தவள். நான் அவளுக்குப் பின்னால் மண்வெட்டியும் தண்ணீர் பாட்டிலும் தூக்கிக்கொண்டு வந்த ஆள். நான் எழுதப் போவது அவளுடைய பேட்டரியைப் பற்றி. சிரிக்காதீர்கள். எங்கள் சிநேகிதம் முழுக்க அந்தப் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் நடந்தது.

ரோசலின், அம்பத்தூருக்கு அடுத்த பாடி என்ற இடத்தில், ஒரு தொழிற்சாலை கேட்டில் வேலை பார்த்தவள். ஷிப்டுக்கு வந்து போகும் பெண்களை, கையளவு மெஷினால் தடவிப் பார்த்து அனுப்புகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "யாரும் கேக்கல, நானும் கேக்கல" என்று முடித்துவிட்டாள். அந்தத் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி இடுப்பில் போனை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மெஷின் கத்தியிருக்கிறது. பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் இவள், "பாவாட ஊக்கு சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இதைச் சொல்லிவிட்டு, "மெஷின் பொய் சொல்லாது மே. அதுக்கோசரம் நாமளும் சொல்லாம இருக்க முடியுமா?" என்றாள். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று, யாரிடமோ பழைய டிடெக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

என் கணவர் போன மறு வருஷம் அது. குடியிருப்புக்குப் பக்கத்து மைதானத்தில் காலையில் நடந்தபோது என் கம்மல் ஒன்று விழுந்துவிட்டது. அவர் வாங்கிக் கொடுத்தது. மண்ணில் மண்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். "எழுந்திரு மே, முட்டி தேஞ்சிடப் போவுது" என்று ஒரு குரல். நான் யார் என்று அவள் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை. மெஷினை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். முதலில் பீர் பாட்டில் மூடிகளாக வந்தன. "குடிச்சி நாஸ்தி பண்ணிக்கிறானுங்க" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் பையில் போட்டுக்கொண்டாள். வெயில் ஏறிய பிறகு கம்மல் வந்தது. கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. "போட்டுகினு காட்டு. பொம்பள காது எப்போ தூரும்னு சொல்ல முடியாது" என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அந்த மெஷினில் பென்சில் செல்களைச் சரம் சரமாகப் போட வேண்டும். நல்ல நேரம் பார்த்துப் பாதித் தேடலில் தீர்ந்துபோகும். அம்பத்தூரில், பொம்மை விமானம், டிரோன் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் விசாரித்து, மெஷின் எவ்வளவு வோல்ட் தாங்கும் என்று பார்த்து, அவள் ஒரு லித்தியம் பாலிமர் பேட்டரி வாங்கி வந்தாள். தடிமனான சாக்லேட் கட்டி அளவுதான் இருக்கும். மேலே கெட்டியான கூடுகூடக் கிடையாது. அழுத்தினால் பள்ளம் விழும் போலிருந்தது. "நீதான் சால்ட்ரிங் பண்ணுவியாமே, ஒயரு மாத்திக் குடு" என்று என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை ஈயத்தை உருக்கிச் சால்ட்ரிங் வைத்தவள். எனக்கு ஒயர் என்றால் என்ன பயம்? கட்டரை எடுத்தேன், சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துப் பிடித்தேன், ஒரே வெட்டு. படார் என்று பொறி பறந்தது. கட்டரின் வாயில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. நான் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் நான் வெட்டிய ஒயர்களில் என்றைக்குமே கரண்ட் இருந்ததில்லை. இந்தப் பேட்டரியோ தூங்கவே தூங்காத ஜாதி. ரோசலின் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு பால்கனித் தரையில் வைத்தாள். சூடாகிறதா, உப்புகிறதா என்று தூர நின்றே வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணொண்ணா வெட்டுடி! ஒண்ண வெட்டி, டேப் சுத்திட்டு, அப்பால அடுத்தது. இனிமே இத்த நீ பாம்பு மாதிரி பாரு" என்றாள். அன்று திட்டு வாங்கிக்கொண்டே சிவப்பு ஒயரில், பேட்டரிக்கு ஒட்டினாற்போல், ஒரு ஃபியூஸ் வைத்துக் கொடுத்தேன். பேட்டரியைக் கம்பியின் மேல்முனையில், முழங்கைக்குப் பின்னால் கட்டினோம். தட்டுக்குப் பக்கத்தில் கட்டினால் மெஷின் பேட்டரியையே கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருக்கும்.

அன்றைக்குத்தான் அந்தச் சட்டத்தையும் சொன்னாள். "கடைக்காரன் கண்டிஷனா சொல்லிட்டான் மே. சார்ஜ் ஏர்ற வரைக்கும் ரெண்டு பேர் கிட்டயே உக்காந்துகினு இருக்கணும். ஒருத்தி பாத்ரூம் போனா இன்னொருத்தி கண்ண எடுக்கக் கூடாது. கோவம் வந்துச்சுன்னா ஊட்டயே கொளுத்திடுமாம்."

"அதுக்கு நான் எதுக்கு? உன் வீட்ல வேற யாரும் இல்லியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"நீ கீற இல்ல?" என்றாள்.

அப்படித்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போவேன். பால்கனித் தரையில், திரைச்சீலைக்கும் பாய்க்கும் எட்டாத இடத்தில், மீன்குழம்புச் சட்டி. அடியில் மணல், அதன் மேல் பேட்டரி, பக்கத்தில் இன்னொரு வாளி மணல். அந்தச் சட்டியைக் கழுவிக் கழுவி வைத்தும் மத்தி வாசனை போகவில்லை. எதற்கு வம்பு, ஒரு மூடி போடலாமே என்றேன். "மூடுனா குண்டு. காத்து போவ வழி ஓணும்" என்றாள். பேட்டரிக்குள் இருக்கும் மூன்று செல்லையும் சமமாக ஏற்றுகிற சார்ஜரில் எண்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். மெதுவாக ஏற்றினால்தான் நல்லது என்று சொல்லி எப்போதும் குறைத்தே வைப்பாள். சாயங்காலம் ஆகிவிடும்.

என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவள் பூண்டு உரிப்பாள். நான் முட்டிவலியைப் பற்றிப் புலம்புவேன். ஆவடிப் பக்கம் ஒரு ரயில் போகும், அம்பத்தூர்ப் பக்கம் ஒரு ரயில் போகும். மகன் போன் செய்யாத வாரங்களில் நான் எதையும் சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரிந்துவிடும், எனக்கு மட்டும் இன்னொரு டம்ளர் டீ வரும். எனக்குச் சலிப்பாகவும் இருக்கும். "உன் பேட்டரிக்கு நான் என்ன ஆயாவா?" என்று சண்டை போட்டிருக்கிறேன். சார்ஜர் பீப் என்று கத்தியதும் அவள்தான் முதலில் எழுந்திருப்பாள். ஒயரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டே, "சரி, கெளம்பு" என்பாள். இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. இருக்கட்டுமா என்று நானும் கேட்டதில்லை. படி இறங்கி, என் பிளாக்குக்குப் போய், பூட்டைத் திறந்து, முதல் வேலையாக டிவியைப் போடுவேன்.

ஆவடிக்கு அந்தண்டை ஒரு காலி மனை. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் முள் வெட்டும்போது அவள் தாலி சரடோடு அவிழ்ந்து எங்கோ விழுந்துவிட்டது. மாமியார் ஒரு பக்கம் ஒப்பாரி, அந்தப் பெண் ஒரு பக்கம் பேயறைந்த மாதிரி. மனையில் முக்கால்வாசி முடித்திருந்தோம். அப்போது பேட்டரியில் மாட்டியிருந்த குட்டி அலாரம் வீல் என்று கத்தியது. ரோசலின் அந்த நொடியே பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். "நாளைக்கு வர்றேன்" என்றாள். அந்தப் பெண்ணின் கணவன் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னும் அஞ்சே நிமிஷம்கா, அந்த மூலைய மட்டும்" என்று கெஞ்சினான்.

"ஒரு செல்லு மூணரை வோல்ட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது நைனா. இன்னிக்கு கம்முனு இருக்கும். அப்பால சார்ஜ் போட சொல்லோ பழி வாங்கும்" என்றாள். ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். ஒரு பெண்ணின் தாலியை விட உனக்கு பேட்டரி பெரிசா, உனக்கெல்லாம் எங்கே தெரியும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், "கை கழுவிட்டு வா, சார்ஜ் போடணும்" என்றாள். நானும் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் செங்கல் அடுக்கின் ஓரம், புல்லுக்கடியில் தாலி கிடைத்தது. அந்தப் பெண் ஓடி வந்து ரோசலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ரோசலினோ கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைத்துப்போய் நின்றாள். தாலி கட்டிக்கொண்டவளும் பறிகொடுத்தவளும் நான்; ஆனால் அந்த நேரத்தில் பாவமாகத் தெரிந்தது அவள்தான்.

பிறகு ஒரு கத்திரி வெயிலில் நான் செய்த அடுத்த கூத்து. பூந்தமல்லியில் ஒரு வேலை முடித்துவிட்டு வந்து, பேட்டரியை என் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து மறந்துவிட்டேன். மதியம் முழுக்க வண்டி வெயிலில் நின்றது. எடுத்துப் பார்த்தால் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருந்தது. காற்றுதானே, ஒரு ஓட்டை போட்டு அமுக்கிவிட்டால் தீர்ந்தது என்று தாலிச் சரடில் முன்பு மாட்டிவைத்திருந்த பழக்கத்தில் ரவிக்கையில் இன்னமும் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றிவிட்டேன். ரோசலின் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "குத்தாதடி! குத்துனா நெருப்புடி அது!" என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. பேட்டரியை மெதுவாக மணலில் வைத்து வெளியே கொண்டுபோனாள். வாசலில் திறந்த இடத்தில் வைத்துவிட்டு, அது ஆறுகிறவரை என்னையும் நிற்கவைத்து, தூரத்தில் நின்றாள். அதில் மறுபடி சார்ஜ் போடவில்லை, குப்பையிலும் போடவில்லை. மறுநாள் அம்பத்தூர்க் கடையிலேயே ஒப்படைத்துவிட்டுப் புதிது வாங்கி வந்தாள். அன்று வாசலில் நின்றபோதுதான், "உனக்கு எதனா ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உன் புள்ளைக்கு நான் இல்ல பதில் சொல்லணும்" என்று சேர்த்துக்கொண்டாள். நான்தான் மடச்சி, இரண்டாவது வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஊர் திரும்பிய பின் அவள் இல்லாமல் சில வாரங்கள் போயின. சனிக்கிழமை மதியம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பேன். கோணிப்பையை அவிழ்க்க மனம் வரவில்லை. போன வாரம் குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். காலி மனையில் மோதிரம் விழுந்துவிட்டதாம், மெஷின் அம்மா வருவார்களா என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான் வரேன்" என்று வந்துவிட்டது.

பையை அவிழ்த்து, பேட்டரியை மீட்டரில் பார்த்தேன். உப்பவில்லை, சூடில்லை. ஒவ்வொரு செல்லும் மூன்று புள்ளி எட்டு வோல்ட்டில், சொல்லிவைத்த மாதிரி பாதியில் நின்றது. நீண்ட நாள் எடுத்துவைக்கும்போது அப்படித்தான் வைக்க வேண்டும். நான் புனேவுக்கு ரயில் ஏறிய பிறகு அவள் அதற்குச் சார்ஜே போடவில்லை போலிருக்கிறது. அது சரிதான், இரண்டு பேர் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அதே கேள்விதான் எனக்கும் வந்தது. நான் ஒருத்தி எப்படிப் போடுவது?

அம்பத்தூர்க் கடைக்குப் போனேன். "தனி ஆளு சார்ஜ் போடறதுக்கு எதாவது சாமான் இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"தனி ஆளே போதும்மா. பக்கத்துலயே இருக்கணும், தூங்கக் கூடாது, வெளிய போகக் கூடாது, அவ்ளோதான்" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பேர் இருக்கணும்னு நீங்கதானே கண்டிஷனா சொன்னீங்க? தொப்பி போட்டுக்கிட்டு ஒரு அம்மா வருவாங்களே, ரோசலின்னு."

அவர் சிரித்தார். "அந்தம்மாவா! நான் சொல்லலம்மா. அவங்கதான் கேட்டாங்க, 'ஒருத்தி போதுமா, ரெண்டு பேர் ஓணுமா'ன்னு. ஒருத்தர் போதும்னேன். 'ரெண்டு பேர் இருந்தா தப்பில்லையே'ன்னாங்க. தப்பில்லம்மா, நல்லதுதான்னேன். நல்லா இருக்காங்களா?"

"வாரா வாரம் ஏத்தணும் இல்ல?" என்றேன். வேலை இருந்தால் ஏற்றினால் போதும், பாதியில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் என்றார். "சாயங்காலம் வரைக்கும் ஆகுமே?" என்றேன். இந்தச் சைஸுக்கு ஒரு மணி நேரம் போதும், மெதுவாக ஏற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் அவ்வளவு மெதுவாக யாரும் ஏற்றமாட்டார்கள் என்றார். அப்புறம்தான் அவள் போய்விட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். பஸ்கள் வந்தன, போயின, ஏறத் தோன்றவில்லை. சனிக்கிழமை காலைகளில் அவள் தனியாக மைதானத்தில் மெஷினோடு மேலும் கீழும் நடப்பாள். யாரும் எதையும் தொலைத்திருக்கமாட்டார்கள். என் பால்கனியிலிருந்து பார்த்து, இவளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருக்கிறேன். மதியம் சார்ஜ் போட வேண்டுமே, அதற்காகப் பேட்டரியின் சார்ஜை இறக்கத்தான் அந்த வெயிலில் நடந்தாளா? அடிப்பாவி! சும்மா வந்து உட்காரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டேனா? யோசித்துப் பார்த்தால், வந்திருக்கமாட்டேன். எனக்கென்ன தலைவிதியா, எனக்கு மகன் இருக்கிறான், டிவி இருக்கிறது என்று வீம்புக்கு வீட்டிலேயே கிடந்திருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் எவ்வளவு தனியாக இருந்தேன் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளுடைய மெஷின் என்னிடம் இருக்கிறது. ஒயரை ஒவ்வொன்றாக வெட்டுவதும், உப்பியதைத் தொடாமல் மணலில் வைப்பதும், அலாரம் கத்தினால் யார் அழுதாலும் நிறுத்துவதும் என்னிடம் இருக்கின்றன. இவையெல்லாம் அந்தக் கடையிலேயே கிடைக்கும். அவளிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அவள் எனக்குச் சொன்ன பொய்யைத்தான்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்கு ஒரு அம்மாள் புதிதாகக் குடிவந்திருக்கிறாள். பேர்கூடத் தெரியாது. என் வயசுதான் இருக்கும். பகலெல்லாம் கதவு சாத்தியிருக்கும், உள்ளே டிவி ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்கிற டிவிக்கும் சும்மா ஓடுகிற டிவிக்கும் சத்தத்தில் வித்தியாசம் எனக்குத் தெரியும். கடையிலிருந்து வந்த மதியம், மணல் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் சந்து வழியாகப் பார்த்தாள்.

"எதிர்வீட்டு வசந்தாம்மா நான். ஒரு பேட்டரிக்கு சார்ஜ் போடணும். ஏர்ற வரைக்கும் ரெண்டு பேர் கிட்டயே இருக்கணுமாம், கடைக்காரரு கண்டிஷனா சொல்லிட்டாரு" என்றேன்.

அவள் என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரொம்ப நேரம் ஆவுமா?" என்று கேட்டாள்.

"ஆவும். சாயங்காலம் வரைக்கும் ஆவும்."

சங்கிலியைக் கழற்றும் சத்தம் கேட்டது. "இருங்க, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்" என்றாள்.